ஒப்பித்தால் போதுமா?

நம் பள்ளிகளில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பாடம் நடந்து வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். அல்லது வகுப்பாசிரியரே நடத்துகிறார். சுவரில் ஒரு சிறுவன், ஒரு சிறுமி ஆகியோரின் உருவப்படம் மாட்டப்படுகிறது. பிறர் தொடக்கூடாத இடங்கள் சிவப்பு வட்டத்தால் காட்டப்படுகின்றன. ‘நல்ல தொடுதல்’, ‘கெட்ட தொடுதல்’ என்னும் இரு தொடர்களைக் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள். கெட்ட தொடுதல் நேர்ந்தால் செய்ய வேண்டியவை மூன்று: வேண்டாம் என்று கத்து, அவ்விடத்தை விட்டு ஓடு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல். வகுப்பே ஒரே குரலில் இதைத் திருப்பிச் சொல்கிறது. நிழற்படம் எடுக்கிறார்கள். நிகழ்ச்சி இனிது நிறைவுறுகிறது.

இப்பாடம் தேவையா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. மைய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டு 2007ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். பள்ளி செல்லும் குழந்தைகளுள் மூவரில் இருவர் பள்ளியில் அடி வாங்கியதாகக் கூறினர். சிறுவர்களும் சிறுமியர்க்குக் குறையாத அளவில் துன்புற்றிருந்தனர் என்பது அந்த அறிக்கை வெளியிட்ட மற்றோர் உண்மை. நாடு முழுவதும் ஏற்பட்ட அதிர்ச்சியின் பின்னணியில், 2012இல் போக்சோ எனப்படும் சட்டம் பிறந்தது. ஆக, நோய் உள்ளது, மருந்தும் வேண்டியதே. அந்த மருந்து வேலை செய்கிறதா, அதை எவ்வாறு சோதித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓம் விதியை எழுத்துப் பிசகாமல் எழுதும் மாணவர்கள் எங்கள் கல்லூரியில் ஏராளம். இரண்டு மின்விளக்குகளையும் ஒரு மின்கலத்தையும் கையில் கொடுத்து இணைக்கச் சொன்னால் அவர்களுள் பலர் திகைத்து நிற்பார்கள். விதியைச் சொல்வது ஒரு திறன். சுற்றை இணைப்பது வேறொரு திறன். முதலாவதற்குத் தேர்வு வைத்து இரண்டாவதற்கு மதிப்பெண் போடும் பழக்கம் நம் கல்விக்குப் புதிதன்று. தொடுதல் பாடத்திலும் இதுவே நடக்கிறது.

2015ஆம் ஆண்டு காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்கப் பள்ளிகளில் நடந்த பாடங்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தது. பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகள், 5,802 குழந்தைகள். பாடம் கேட்டவர்கள் வினாத்தாளில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். சில மாதங்கள் வரை அந்த அறிவு மங்கவும் இல்லை. பாடத்தால் குழந்தைகள் அஞ்சி நடுங்குவார்கள் என்று சில பெற்றோர் கவலைப்படுவதுண்டு. அந்தக் கவலைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தமக்கு நேர்ந்ததை வெளியில் சொன்னவர்கள், பாடம் கேட்காதோரில் 1,000க்கு 4 பேர் என்றால், கேட்டோரில் 1,000க்கு 14 பேர். கணக்கிடும் முறையைக் கடுமையாக்கினால் இந்த வேறுபாடு உறுதியற்றுப் போகிறது என்றும் ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர். எனினும் பாடத்தின் சார்பில் சொல்லக்கூடிய மிகச் சிறந்த செய்தி இதுதான்.

கொடுமை குறைந்ததா? அதற்கு இந்த 24 ஆய்வுகளில் விடை இல்லை. அவை அளந்தது அதை அன்று.

குழந்தையின் செயலை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் இவற்றுள் இரண்டே. அந்தச் சோதனை நடந்த விதம் சுவையானது. பள்ளிக்கு அருகில் முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்துகிறார்கள். அவர் குழந்தையிடம் பேச்சுக் கொடுத்துத் தம்முடன் வரும்படி அழைக்கிறார். பாடம் கேட்ட குழந்தைகள் பெரும்பாலும் மறுத்துவிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் உண்மையில் ஆபத்து அந்த முகத்தோடுதான் வருகிறதா? 2007 அறிக்கையின்படி குற்றம் புரிந்தோரில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய நிலையில் இருந்தவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்குகளிலோ, போக்சோ சட்டத்தின் கீழ் பதிவான வன்புணர்ச்சி வழக்குகளில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவராகவே இருக்கிறார். பின்னது காவல்துறைக்கு வந்த வழக்குகளின் கணக்கு. காதல்வயப்பட்ட இளையோரைப் பற்றிப் பெற்றோர் கொடுத்த புகார்களும் அதில் கலந்துள்ளன. ஆகவே அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். எந்த எண்ணை ஏற்றாலும், அயலாரை மறுக்கத் தெரிந்ததைக் கொண்டு மாமாவை, டியூஷன் ஆசிரியரை, பக்கத்து வீட்டு அண்ணனை மறுக்கத் தெரியும் என முடிவு கட்டுவது, விறகு நிறுக்கும் தராசில் குன்றிமணிப் பொன்னை நிறுத்துப் பார்ப்பதைப் போன்றதே.

பாடத்தின் சொற்களையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். ‘நல்ல’, ‘கெட்ட’ என்னும் அடைமொழிகள் குழந்தையின் உணர்வை அளவுகோலாக்குகின்றன. ஊசி போடும் மருத்துவரின் தொடுதல் வலிக்கிறது, அது கெட்டதா? மிட்டாய் கொடுத்து மடியில் அமர்த்திக்கொள்பவரின் தொடுதல் முதலில் இதமாகவே இருக்கும்; அது நல்லதா? குற்றம் புரிவோர் பெரும்பாலும் அன்பாகத் தொடங்குகிறார்கள் என்பதே இதிலுள்ள சூது. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுபவர் குழந்தையைத் தொடுவதே இல்லை. ‘பாதுகாப்பான’, ‘பாதுகாப்பற்ற’ என்னும் சொற்களைச் சிலர் இப்போது பயன்படுத்துகிறார்கள், ஓரளவு மேல். ‘இதை யாரிடமும் சொல்லாதே’ என்று ஒரு பெரியவர் சொன்னால் அதையே அபாயக் குறியாகக் கொள் என்று கற்பிப்பது அதனினும் மேல். குழந்தை அதைத் தன் உணர்வைக் கொண்டு தீர்மானிக்க வேண்டியதில்லை. காதால் கேட்டாலே போதும்.

‘கத்து, ஓடு’ என்னும் கட்டளைகள் வேறொரு தீங்கையும் விளைக்கக்கூடும். பேரச்சம் கொண்ட உடல் பல வேளைகளில் ஓடுவதில்லை, உறைந்து போகிறது. குரல் எழும்புவதில்லை. பெரியவர்களுக்கே இது நேரும். அப்படி உறைந்துபோன எட்டு வயதுச் சிறுமி, தான் கற்ற பாடத்தை நினைத்துப் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவாள்? கத்தச் சொன்னார்கள், நான் கத்தவில்லை. ஆகவே தவறு என்னுடையது. பிறர் செய்த குற்றத்தோடு தேர்வில் தோற்ற குற்ற உணர்வும் அவள் தலையில் ஏறுகிறது. நீ கத்தியிருந்தாலும் கத்தாவிட்டாலும், இன்று சொன்னாலும் ஓராண்டு கழித்துச் சொன்னாலும் குற்றம் உன்னுடையது அன்று என்னும் ஒரு வரியை எத்தனை வகுப்புகளில் சொல்கிறார்கள்?

ஆண்டில் ஒரு நாள் மறுக்கக் கற்பிக்கிறோம். மற்ற 364 நாட்களும் என்ன கற்பிக்கிறோம்? பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசாதே; மாமாவுக்கு முத்தம் கொடு, அழக்கூடாது; சார் கூப்பிடுகிறார், உடனே போ. இவற்றை ஊட்டி வளர்த்த பிள்ளை, ஒரு மணி நேரப் பாடத்தின் வலிமையில் ஒரு பெரியவரைப் பார்த்து ‘வேண்டாம்’ எனக் கத்தும் என்று எதிர்பார்ப்பது, பாறாங்கல்லைப் பஞ்சால் தள்ளுவதாகும்.

நியூயார்க் நகரில் வரைந்த படம்

பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடமிருந்து மட்டும் ஆபத்து வருவதில்லை. சக மாணவர்களின் கேலி, சீண்டல், மிரட்டல், கைவைத்தல் ஆகியவையும் உண்டு. இவற்றைத் தடுக்க நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு, நான் படித்தவற்றுள் மிகவும் சிந்திக்க வைத்ததாகும். புரூஸ் டெய்லர், நான் ஸ்டெய்ன் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 2013இல் இதன் முடிவுகளை வெளியிட்டனர். ‘எல்லைகளை நகர்த்துதல்’ எனப் பொருள்படும் பெயர் கொண்டது அத்திட்டம். 30 பள்ளிகள், 6, 7ஆம் வகுப்புகளைச் சேர்ந்த 117 பிரிவுகள், 2,600க்கும் மேற்பட்ட மாணவ மாணவியர்.

சோதனையின் அமைப்பைக் கவனியுங்கள். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் வகுப்பறைப் பாடம் மட்டும், ஆறு பாடவேளைகள். இரண்டாவதில் பாடமே இல்லை. பள்ளிக் கட்டடத்திலும் நடைமுறையிலும் மாறுதல் மட்டும். மூன்றாவதில் இரண்டும். நான்காவதில் எதுவும் இல்லை. ஒரு காரணியின் விளைவை மற்றொன்றினின்று பிரித்தறிய விரும்பும் எவரும் செய்யக்கூடிய ஒழுங்கான ஏற்பாடு இது. பாடமும் சுவரொட்டியும் கூட்டமும் ஊர்வலமும் ஒரே வாரத்தில் நடத்திவிட்டு, எது பயன் தந்தது எனக் கேட்டால் விடை கிடைக்காது.

கட்டடத்தில் செய்த மாறுதல் என்ன? மாணவர்களிடம் அவர்களுடைய பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்தார்கள். எந்த இடத்தில் உனக்கு அச்சமில்லை, எந்த இடத்தில் அச்சம் உண்டு என்று கேட்டு, வண்ணத்தால் வேறுபடுத்திக் காட்டச் செய்தார்கள். படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அபாயமான மூலைகள் தாமே வெளிப்பட்டன. அங்கெல்லாம் ஆசிரியர்களும் பணியாளர்களும் கூடுதலாக நின்றார்கள். தொல்லை கொடுத்த மாணவன், தொல்லைக்கு ஆளானவரிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதைப் பள்ளியே எழுத்து வடிவில் உடன்படிக்கையாக்கியது. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து மாணவர்களைக் கேட்டு அளந்தபோது, பாடம் மட்டும் நடந்த பள்ளிகளில் தொல்லை குறைந்ததாகத் தெரியவில்லை. கட்டடத்தை மாற்றிய பள்ளிகளில் குறைந்திருந்தது. பாடமே நடத்தாமல் கட்டடத்தை மட்டும் மாற்றிய பள்ளிகளும் இவற்றுள் அடங்கும்!

இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு சட்டக்காந்தத்தைத் தாளின்மேல் வைத்து, சிறு திசைகாட்டியைப் புள்ளி புள்ளியாக நகர்த்திப் புலக்கோடுகளை வரைவோம். கண்ணுக்குத் தெரியாத புலம் தாளில் உருவெடுக்கும். நியூயார்க் பிள்ளைகள் வரைந்ததும் அத்தகைய படமே, அச்சத்தின் புலம். அதை அளக்கும் திசைகாட்டி குழந்தையிடம் மட்டுமே இருக்கிறது. தலைமையாசிரியரின் அறையிலிருந்து பார்த்தால் பள்ளி முழுவதும் அமைதியாகத்தான் தோன்றும். நம் ஊரில் இப்படம் வரைந்தால் எங்கெங்கு சிவப்பு விழும்? கழிப்பறையின் பின்புறம், மாடிப்படியின் அடி, சைக்கிள் நிறுத்துமிடம், ஆய்வகத்தையொட்டிய இருட்டுக் கிடங்கு, மாலை ஐந்தரை மணிப் பேருந்தின் படிக்கட்டு. இவை என் ஊகங்கள். பிள்ளைகளைக் கேட்டால் நாம் எதிர்பாராத ஓர் இடம் சிவப்பாகலாம். ஓர் அறை, ஓர் ஆசிரியரின் மேசையருகே உள்ள இடம். அதற்கும் அணியமாக இருப்பவர்களே இந்தத் தாளை விநியோகிக்க வேண்டும்.

இந்த ஆய்வையும் குறை காணாமல் விட இயலாது. அளவீடு முழுவதும் மாணவர்களின் சொல்லையே சார்ந்தது. எல்லா அளவைகளும் ஒரே திசையைக் காட்டவும் இல்லை. இங்கே அளவியல் சார்ந்த ஒரு சிக்கல் உண்டு. பாடத்திற்கு முன் ஒரு வகுப்பில் ஐவர் ‘எனக்குத் தொல்லை நேர்ந்தது’ என்கிறார்கள். பாடத்திற்குப் பின் பதின்மர் அவ்வாறு கூறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொல்லை இரட்டித்துவிட்டதா? அன்றி, முன்பு விளையாட்டு என்று நினைத்ததை இப்போது தொல்லை என்று பெயரிட ஐவர் கற்றுக்கொண்டார்களா? பாடமானது அளக்கப்படும் பொருளோடு அளக்கும் கருவியையும் மாற்றிவிடுகிறது. வெப்பமானியின் கோடுகளை நடுவில் மாற்றி எழுதிவிட்டுக் காய்ச்சலைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே, திட்டம் தொடங்கிய முதலாண்டில் புகார்கள் கூடினால் பள்ளி நாணிக் குறுக வேண்டியதில்லை. ‘எங்கள் பள்ளியில் புகாரே இல்லை’ என்று பெருமை பேசும் பள்ளியைப் பற்றித்தான் பெற்றோர் சற்றுக் கவலை கொள்ள வேண்டும்.

கையில் பிரம்பு

உகாண்டா நாட்டில் லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளில் மற்றோர் ஆய்வு 2012 முதல் 2014 வரை நடந்தது. அங்கே பாடம் யாருக்கு என்பதையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். 21 பள்ளிகளில், ஆசிரியர்களும் நிர்வாகமும் மாணவர்களும் கூடிப் பிரம்பில்லாத ஒழுங்குமுறையை உருவாக்கும் திட்டம் 18 மாதங்கள் நடந்தது. ‘நல்ல பள்ளி’ என்று அதற்குப் பெயர். கம்பாலா நகரின் ‘ரெய்சிங் வாய்சஸ்’ என்னும் அமைப்பு வகுத்தது. இறுதியில் ஏறத்தாழ 3,800 மாணவர்களிடம், கடந்த ஒரு வாரத்தில் பள்ளிப் பணியாளர் எவரேனும் உன்னை உடலளவில் துன்புறுத்தினாரா எனக் கேட்டார்கள். திட்டம் நடவாத பள்ளிகளில் 100க்கு 49 பேர் ஆம் என்றனர். நடந்த பள்ளிகளில் 31 பேர்.

31 என்பது மகிழ்ச்சிக்குரிய எண்ணா? ஒரே வாரத்தில் மூவரில் ஒருவர் அடி வாங்கும் பள்ளியை நல்ல பள்ளி என்று சொல்ல நாக்கூசுகிறது. எனினும் 18 மாதங்களில் பெரியவர்களின் கை இவ்வளவு தாழ்ந்தது என்பது மெய். இங்கே மாறியது குழந்தை அன்று, ஆசிரியர். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துதலையும் தடை செய்கிறது. ஆயினும் ‘அடியாத மாடு படியாது’ என்று வகுப்பிலேயே சொல்லும் ஆசிரியர்கள் உள்ளனர். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள் சார்’ என்று ஒப்படைக்கும் பெற்றோரும் உள்ளனர். ‘உன் உடல் உன்னுடையது’ என்ற சுவரொட்டிக்குக் கீழே ஒரு பிள்ளை உள்ளங்கையை நீட்டி நிற்குமானால், சுவரொட்டி, பிரம்பு ஆகிய இரண்டில் எதை அது நம்பும்?

அந்த ஆய்வில் மற்றோர் எண்ணும் உண்டு. இறுதிக் கணக்கெடுப்பின்போது பிள்ளைகள் சொன்னவற்றைக் கேட்டு, 434 குழந்தைகளைப் பாதுகாப்புப் பணியினரிடம் அனுப்பி வைத்தார்கள். கேட்டதும் கொட்டிவிட்டார்கள் என்பதுதான் பொருள்.

அரியானாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோனிபட், பானிபட், ரோத்தக், ஜஜ்ஜர் ஆகிய நான்கு மாவட்டங்களில் 314 அரசுப் பள்ளிகள். சுமார் 14,000 மாணவ மாணவியர். ஏழாம் வகுப்பில் தொடங்கி இரண்டரை ஆண்டுகள், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒரு முறை 45 நிமிடம், ஆண் பெண் சமத்துவம் பற்றிய கலந்துரையாடல். 2022இல் வெளியான முடிவுப்படி கருத்துகள் மாறின. பையன்கள் வீட்டு வேலையில் முன்பைவிடக் கூடுதலாகக் கைகொடுப்பதாகக் கூறினர். திட்டம் முடிந்து ஈராண்டுகள் கழித்தும் விளைவு நிலைத்தது. பிறர் மெச்சும் விடையையே சொல்லும் இயல்பு எந்த மாணவரிடம் எவ்வளவு உண்டு என்பதைத் தனி வினாக்களால் அளந்து, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அளவீட்டில் இத்தகைய எச்சரிக்கை பாராட்டத்தக்கது. வகுப்பறைப் பேச்சால் பயனே இல்லை என்று நியூயார்க் முடிவைக் கொண்டு சொல்பவர்க்கு இது மறுப்பாகும். ஆனால் கால அளவைப் பாருங்கள்: இரண்டரை ஆண்டுகள். நாம் நடத்துவதோ ஒரு பிற்பகல்.

நம் பள்ளிகளில் இந்தப் பாடத்தை எடுத்து நடத்துவோர் பலர் நல்ல மனத்தினர். ஊதியமின்றியே ஊர் ஊராகச் செல்வோரும் உண்டு. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வண்டியேறிச் சென்றபின் பள்ளியில் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி. ‘சொல்’ என்று கற்பித்துவிட்டார்கள். மறுநாள் ஒரு பிள்ளை வந்து சொன்னால் கேட்பவர் யார்? போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமை தண்டனைக்குரியது. இதை அறியாத ஆசிரியர்கள் இன்னும் உள்ளனர். அறிந்தும், பள்ளியின் பெயர் கெடும், பெண்ணின் எதிர்காலம் பாழாகும் என்று அமுக்குவோரும் உள்ளனர். 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண் சுவரில் எழுதப்பட்டுள்ளது; வீட்டிலுள்ள கைப்பேசி எந்தச் சித்தப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறதோ, அவரே பிரச்சினை என்றால்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேட்கலாம். பள்ளியின் வரைபடத்தை, பெயர் எழுதாமல் பிள்ளைகள் நிரப்பும்படி பருவத்திற்கு ஒரு முறை கொடுக்கிறார்களா? 40 பேர் உள்ள வகுப்பிற்கு 40 தாள். செலவு மிகக் குறைவே. சென்ற பருவத்தின் படத்தையும் இப்பருவத்தின் படத்தையும் அருகருகே வைத்து, சிவப்பு குறைந்ததா என்று பார்ப்பவர் யார்? பிள்ளை சொன்னால் முதலில் கேட்க வேண்டிய இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, பெயர் குறித்து அமர்த்தப்பட்டுள்ளார்களா? அவர்கள் அன்று மாலைக்குள் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எழுத்தில் உள்ளதா? பல பள்ளிகளில் புகார்ப் பெட்டி வைத்துள்ளார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது? அவரைப் பற்றியே ஒரு கடிதம் உள்ளே விழுந்தால், அதைத் திறந்து படிக்கும் இரண்டாமவர் யார்?